எதிலே பத்து வீதம்?

விடியப்புறம் கத்தரிக்காய் மூட்டையோடு யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தைக்குப் போகிறவருக்கு, மூட்டை தராசில் ஏற முதலே அதில் ஒரு பங்கு தன்னுடையதில்லை என்று தெரியும். தராசு 50 கிலோ காட்டும். வியாபாரியின் துண்டில் 45 என்று விழும். கேட்டால், "கழிவு போகத்தான் அண்ணை விலை." அதோடு கதை முடிந்தது.

இதை யாரும் ஒளித்துச் செய்வதில்லை. மருதனார்மடம், சுன்னாகம், சாவகச்சேரி என்று எந்தச் சந்தைக்குப் போனாலும் 10 வீதக் கழிவு காலங்காலமாக இருந்து வந்த வழக்கம். மாவட்டக் கூட்டங்களில் எத்தனையோ தரம் பேசியாயிற்று. நிறுத்தச் சொல்லுவார்கள், கொஞ்ச நாள் அடங்கும், பிறகு திரும்ப வரும். சொல்லுகிற காரணம் மண், இலை, காம்பு, வாடல். ஈரத்தோடு பிடுங்கின சின்ன வெங்காயத்துக்கு அது நியாயந்தான், காயக் காய நிறை இறங்கும். ஆனால் பூசணிக்காயில் என்ன வாடல்? கழுவித் துடைத்த பீற்றூட்டுக்கும் மண் ஒட்டின பீற்றூட்டுக்கும் ஒரே பத்து என்றால், மண்ணைத் தட்டாமல் கொண்டுவருகிறவர்தான் கெட்டிக்காரர். அதே 50 கிலோவைச் சில்லறைக்காரர் விற்கும்போது யாருக்கும் கழிவு விடமாட்டார் என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

வழக்கத்தோடு சண்டை பிடிக்க முடியாத நாட்களில் கணக்கோடாவது போகலாம். சொல்லுகிற விலையை 0.9 ஆல் பெருக்கினால் வருவதுதான் உங்கள் விலை. கிலோ 240 கழிவோடு என்றால் உண்மையில் 216. பக்கத்துக் கடைக்காரர் "220, கழிவு இல்லை" என்றால், 240 என்ற சொல் காதுக்கு இனித்தாலும் 220தான் நல்லது. 100 கிலோவுக்கு 21,600 எங்கே, 22,000 எங்கே.

கழிவுக்கு மேல் இன்னும் மூன்று ஓட்டை உண்டு. முதலாவது சாக்கு. சணல் சாக்கு கிட்டத்தட்ட ஒரு கிலோ வரும். இப்போது எல்லாரும் பாவிக்கிற உரப்பை 100 கிராம் அளவுதான், ஆனால் கழிக்கிறது பழைய சாக்குக் கணக்கில். வெறும் பையை ஒருதரம் தராசில் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். இரண்டாவது தசமம். 47.6 என்பது 47 ஆகும், 48 ஆனதை யாரும் கண்டதில்லை. மூட்டைக்கு மூட்டை தசமத்தை வெட்டாமல், எல்லா மூட்டையின் நிறையையும் கூட்டிப்போட்டுக் கடைசியில் ஒருதரம் வெட்டச் சொன்னால், பத்து மூட்டையில் நாலைந்து கிலோ மிஞ்சும். மூன்றாவது தராசு. அளவீட்டு அலகுகள் திணைக்களம் வருடத்துக்கு ஒருதரம் சோதித்து முத்திரை போடவேண்டும், அந்த முத்திரையில் எந்த ஆண்டு என்று பாருங்கள். வீட்டில் நிறுத்துப்போட்டுக் கொண்டுபோவது அதைவிட நல்லது. ஒரு மூட்டையில் கரியால் நிறையை எழுதி வைத்திருந்தாலே தராசுக்காரரின் கை கொஞ்சம் அமைதியாகும்.

சுப்பர்மார்க்கெற் கொள்வனவு நிலையங்களில் கழிவு இல்லை என்று சிலர் அங்கே போகிறார்கள். அங்கே தரம் பிரிப்பு இருக்கிறது. 100 கிலோவில் 15 கிலோவைத் திருப்பித் தந்தால், அந்தப் பதினைந்தை என்ன விலைக்கு எங்கே தள்ளுவது என்பதையும் கணக்கில் சேர்க்கவேண்டும்.

பத்து என்ற எண்ணில் யாரும் பொய் சொல்வதில்லை. எதிலே பத்து என்பதைத்தான் சொல்வதில்லை. சந்தையை விட்டு நகைக்கடைகள் இருக்கிற கஸ்தூரியார் வீதிக்குப் போனாலும் இதே கேள்விதான்.

நகைக்கடையில் எல்லாரும் கேட்பது "இண்டைக்குப் பவுண் என்ன விலை?" பலகையில் இருக்கிறது, அதில் பேரம் இல்லை. காசு போவது சேதாரத்திலும் கல்லிலும். கணக்கு வசதிக்குப் பவுண் 3 இலட்சம் என்று வைப்போம். 2 பவுண் சங்கிலி, 16 கிராம், 6 இலட்சம். சேதாரம் 8 வீதம் என்றால் 1.28 கிராம், அதுவே 48,000 ரூபா. செய்கூலி வேறு. சேதாரம் என்பது பட்டறையில் உருக்கி அராவும்போது வீணாகிற தங்கத்துக்கான ஈடு. ஆனால் இயந்திரத்தில் வார்த்து வந்த சங்கிலிக்கும் கன்னாதிட்டிப் பட்டறையில் ஆள் குந்தியிருந்து செய்த அட்டியலுக்கும் ஒரே வீதம் போடுகிற கடைகள் இருக்கின்றன. பேரம் பேசவேண்டிய இடம் இதுதான். வீதத்தில் பேசாமல் "எத்தனை கிராம் சேதாரம்?" என்று கிராமில் கேளுங்கள். கிராமில் சொன்னவுடன் கடைக்காரருக்கும் கொஞ்சம் கூச்சம் வரும்.

கல்லு வைத்த நகையென்றால் கல்லின் நிறையைத் தனியாகப் பற்றுச்சீட்டில் எழுதுவிக்கவேண்டும். ஒரு கிராம் கல்லைத் தங்கத்தோடு சேர்த்து நிறுத்தால், மேலே சொன்ன விலையில் 37,500 ரூபாவைக் கண்ணாடிக்குக் கொடுத்திருக்கிறீர்கள். விற்கப் போகும்போது அதே கடை கல்லைக் கழித்துத்தான் நிறுக்கும். அடகு வைக்கிறபோதும் அப்படியே. சேதாரமும் செய்கூலியும் திரும்பி வராத காசு, ஆகவே மகளுக்கு "முதலாகக் கிடக்கட்டும்" என்று வாங்குகிறவர்கள் வேலைப்பாடு குறைந்த காப்பை வாங்குவது புத்தி. அட்டியல் அழகுக்கு.

அடகில் ஒன்று மட்டும். பல தனியார் கடைகளில் மாதம் முடிந்து ஒரு நாள் பிந்தினாலும் முழு மாத வட்டி. 31ஆம் நாள் போனால் இரண்டு மாதம். ஆகவே சீட்டில் இருக்கிற திகதிக்கு முதல் நாள் போங்கள். வட்டி கட்ட வசதி இல்லாமல் வட்டியையும் முதலோடு சேர்த்துத் திருப்பி வைத்தால், அடுத்த மாதத்திலிருந்து வட்டிக்கும் வட்டி ஓடும்.

இனி லீசிங், அதாவது தவணைக் காசுக்கு வாகனம் எடுப்பது. ஓட்டோ, மோட்டார் சைக்கிள், லாண்ட்மாஸ்டர் (இரண்டு சில்லு உழவு இயந்திரம்) எதுவானாலும் யாழ்ப்பாணத்தில் எத்தனையோ வாகனம் இதிலேதான் ஓடுகிறது. இதைக் கொஞ்சம் விரிவாகப் பார்க்கவேண்டும்.

5 இலட்சம் ரூபா, 48 மாதம், "வட்டி 14 வீதந்தான் தம்பி." கணக்கு எளிது: வருடத்துக்கு 70,000, நாலு வருடத்துக்கு 2,80,000. மொத்தம் 7,80,000. 48 ஆல் பிரித்தால் மாதம் 16,250. வங்கியில் 20 வீதம் கேட்கிறார்கள், இங்கே 14 என்று ஆள் சந்தோசமாகக் கையெழுத்து வைப்பார்.

அந்த 14 வீதம், கடைசி மாதம் வரைக்கும் முழு 5 இலட்சத்தின் மேல் போடப்பட்டது. மூன்றாம் வருட முடிவில் உங்கள் கையில் 5 இலட்சம் இல்லை, பாதிக்கு மேல் கட்டிவிட்டீர்கள், ஆனாலும் வட்டி ஐந்து இலட்சத்துக்குத்தான். வங்கி சொல்லுகிற 20, குறைந்துகொண்டு போகிற நிலுவையின் மேல். இரண்டையும் ஒரே தராசில் வைத்தால் இந்த 14 கிட்டத்தட்ட 24 வீதம். அதாவது வங்கியின் 20தான் மலிவு. மூன்றிலிருந்து ஐந்து வருடத் தவணைகளுக்கு ஒரு குறுக்கு வழி உண்டு: நேர்வட்டி (இப்படிக் கடைசிவரை முழு முதலின் மேல் போடுகிற வட்டி) வீதத்தை 1.7 ஆல் பெருக்குங்கள். சரியான வீதத்துக்கு மிகப் பக்கத்தில் வரும். 12 என்றால் 20, 18 என்றால் 30.

இதன் உண்மையான குத்து இடையில் முடிக்கப் போகும்போதுதான் தெரியும். 24 மாதம் பிசகாமல் கட்டியாயிற்று, 3,90,000 ரூபா போயிற்று. வெளிநாட்டிலிருந்து அண்ணன் காசு அனுப்பினார், பாதி முடிந்ததுதானே, இரண்டரை இலட்சத்தோடு போய்த் தீர்த்துவிடலாம் என்று நினைப்பார்கள். நிலுவை முதல் ஏறத்தாழ 3,08,000 இருக்கும். கட்டினதில் 1,92,000தான் முதலுக்குப் போயிருக்கிறது, மிச்சம் 1,98,000 வட்டி. முன்பாதியில் வட்டி அதிகம், பின்பாதியில் முதல் அதிகம். அட்டவணை அப்படித்தான் ஓடும். இதற்கு மேல் முன்கூட்டித் தீர்க்கும் கட்டணம் வேறு. ஆகவே தீர்க்கிற எண்ணம் இருந்தால் முதல் வருடத்துக்குள் தீர்த்தால்தான் பெரிய மிச்சம். கடைசி ஆறு மாதத்தில் கைக்காசைக் கொட்டித் தீர்ப்பதில் பெரிதாக ஒன்றும் வராது.

கையெழுத்து வைக்க முதல் மூன்று தாளைக் கையில் வாங்குங்கள். மாதத்துக்கு எவ்வளவு முதல், எவ்வளவு வட்டி என்று காட்டும் தவணை அட்டவணை. ஆவணக் கட்டணம், மதிப்பீட்டுக் கட்டணம், காப்புறுதி எல்லாம் போட்ட ஒரு பட்டியல். முன்கூட்டித் தீர்த்தால் என்ன கணக்கு என்று எழுதின பக்கம். பலர் 5 இலட்சம் கடன் என்று கையெழுத்து வைத்து, கட்டணங்கள் கழிய 4,75,000தான் கண்டிருப்பார்கள். வட்டியோ ஐந்துக்கு. காப்புறுதி அவர்கள் சொல்லும் இடத்தில்தான் போடவேண்டுமா என்று கேளுங்கள், இரண்டு இடத்து விலையோடு போய்க் கேட்டால் பதில் மாறும்.

தவணை பிந்தினால் நடப்பதும் பலருக்குத் தெரியாது. நீங்கள் கட்டுகிற 16,250 முதலில் தண்ட வட்டிக்கும் ஏனைய கட்டணங்களுக்கும் போகும், பிறகு வட்டிக்கு, மிச்சந்தான் முதலுக்கு. அதனால் ஒரு மாதம் தவறினவர் அடுத்த மாதத்திலிருந்து ஒழுங்காகக் கட்டினாலும் தொடர்ந்து "ஒரு தவணை நிலுவை" என்றே குறுஞ்செய்தி வரும். நிலுவைக்கூற்று ஒன்றை எழுத்தில் கேட்டு, தண்டத்தை மட்டும் தனியாக எண்ணித் தீர்த்தால் அந்தச் சுற்று நிற்கும். மத்திய வங்கி 2023இல் நிதி வாடிக்கையாளர் பாதுகாப்பு ஒழுங்குவிதிகளை வர்த்தமானியில் போட்டிருக்கிறது. கட்டணங்களை ஒளிக்காமல் சொல்லவேண்டியது நிறுவனத்தின் கடமை. முதலில் நிறுவனத்துக்கே எழுத்தில் முறைப்பாடு கொடுங்கள், பதில் சரியில்லை என்றால் மத்திய வங்கியின் தொலைபேசி இலக்கம் 1935. எல்லாம் கட்டி முடித்த பிறகு, வாகனப் பதிவுப் புத்தகத்தில் நிறுவனத்தின் பெயர் நீங்கும்வரை ஒரு பற்றுச்சீட்டையும் எறியவேண்டாம்.

கறன்ற் பில் வேறு மாதிரி. இங்கே வீதமே இல்லை, படிதான். 2025 யூனில் வந்த வீட்டுக் கட்டணப்படி (பிறகு மாறியிருக்கலாம், பில்லைப் பாருங்கள்), 60 யுனிற் பாவித்தால் முதல் 30க்கு 4.50, அடுத்த 30க்கு 8 ரூபா, நிலைக் கட்டணம் 210. மொத்தம் 585 ரூபா. 61 யுனிற் பாவித்தால்? முதல் 60க்கும் 12.75, அந்த ஒன்றுக்கு 18.50, நிலைக் கட்டணம் 400. மொத்தம் 1,183.50. ஒரே ஒரு யுனிற், பில் இரண்டு மடங்கு. அறுபதைத் தாண்டினவுடன் கீழே இருந்த மலிவு விலை முழுவதுமே இல்லாமல் போகிறது, அதுதான் காரணம். அடுத்த படி 90: தொண்ணூறுக்கு 1,720, தொண்ணூற்றொன்றுக்கு 2,344, ஏனென்றால் நிலைக் கட்டணம் 400 இலிருந்து 1,000க்குப் பாய்கிறது. 120ஐத் தாண்டினால் அது 1,500 ஆகும். வரி இதற்கு மேல்.

ஆகவே மாதத்துக்கு எவ்வளவு என்று யோசிக்காமல் நாளுக்கு எவ்வளவு என்று பாருங்கள். நாளுக்கு 2 யுனிற் என்றால் 60, 3 என்றால் 90, 4 என்றால் 120. மீற்றர் வாசித்த திகதியும் வாசிப்பும் பில்லிலேயே இருக்கும். இருபதாம் நாள் நீங்களே மீற்றரைப் பாருங்கள். 43 என்றால் மிச்சப் பத்து நாளில் 17க்குள் நிற்கவேண்டும், முடியும். அரைக் குதிரைவலு மோட்டார் மணித்தியாலத்துக்கு ஏறத்தாழ அரை யுனிற். தண்ணீர்த் தாங்கி நிரம்பி வழிந்து முற்றத்தில் ஓடுகிற வீடுகளில் மாதம் ஐந்தாறு யுனிற் அப்படியே கிணற்றுக்குத் திரும்பிப் போகிறது. ஸ்திரிக்கைப் பெட்டியைத் தினம் ஒரு சட்டைக்குச் சூடாக்காமல் கிழமைக்கு ஒருதரம் போடுங்கள். 60, 90 என்ற எல்லைக்குக் கிட்ட வந்துவிட்டீர்கள் என்றால்தான் இந்தக் கஞ்சத்தனத்துக்கு 600 ரூபாப் பெறுமதி. 75இல் நிற்கிறவர் பல்ப்பை அணைத்து அணைத்துக் கண்ணைக் கெடுக்கத் தேவையில்லை.

இந்தப் படி 30 நாளுக்கானது. மீற்றர் வாசிக்கிறவர் 32 நாள் கழித்து வந்தால் 60 என்ற எல்லையும் 64 ஆக நீளவேண்டும். பில்லில் நாட்களின் எண்ணிக்கையைப் பார்த்துவிட்டே சண்டைக்குப் போங்கள். கேற் பூட்டியிருந்து சராசரி போட்டுவிட்டால், அன்றைக்கே மீற்றரைப் படம் எடுத்து வைத்து, மின்சார முறைப்பாட்டு இலக்கமான 1987க்குச் சொல்லுங்கள்.

இதில் மிகவும் அடிபடுவது ஒரு வளவில் ஒரே மீற்றரில் இருக்கிற இரண்டு குடும்பங்கள். ஆளுக்கு 50 யுனிற் தனித்தனி மீற்றரில் என்றால் 505 ரூபாப்படி 1,010 ரூபா. அதே 100 ஒரு மீற்றரில் ஓடினால் 2,560. மேல்மாடியை வாடகைக்குக் கொடுத்துவிட்டு "கறன்ற் பாதிப் பாதி" என்று பேசுகிறவர்கள் மாதா மாதம் 1,500 ரூபாவைச் சும்மா கட்டுகிறார்கள். தனி வாசலும் தனி வயறிங்கும் இருக்கிற இடத்தில் இரண்டாவது இணைப்புக்கு விண்ணப்பிக்கலாம்.

சாப்பாட்டுக் கடைப் பில் சின்ன விசயம், ஆனால் கணக்கு அழகானது. குளிரூட்டின உணவகத்தில் 5,000க்குச் சாப்பிட்டால் சேவைக் கட்டணம் 10 வீதம், 5,500. அதன் மேல் வற் (பெறுமதி சேர் வரி) 18 வீதம், 990. மொத்தம் 6,490. 28 இல்லை, கிட்டத்தட்ட 30 வீதம், சேவைக் கட்டணத்துக்கும் வரி கட்டியிருக்கிறீர்கள். மெனுவின் அடியில் பொடி எழுத்தில் இருப்பதை உட்கார முதல் வாசித்தால் போதும். வற் என்று காசு வாங்குகிற கடை பதிவு செய்த கடையாக இருக்கவேண்டும். பில்லில் பதிவு இலக்கம் இருக்கும், அது 7000 என்று முடியும். இலக்கமே இல்லாத 18 வீதம் வரி இல்லை, கடைக்காரரின் மேலதிக இலாபம். உள்நாட்டு இறைவரித் திணைக்களத்தின் தொலைபேசி இலக்கம் 1944.

தண்ணீர்ப் போத்தலுக்குக் "குளிருக்கு 20 ரூபா" என்று கூட வாங்குவது சட்டத்துக்கே விரோதம். அச்சடித்த உச்ச சில்லறை விலைக்கு மேல் விற்க முடியாது. நல்லூர்த் திருவிழாக் காலமானாலும் முடியாது. நுகர்வோர் அதிகாரசபை 1977. வங்கிக் காட் (card) மூலம் கட்டினால் 3 வீதம் கூட என்று கேட்பதும் கூடாது: அந்தக் கட்டணம் கடைக்கும் வங்கிக்கும் இடையிலானது. துண்டை வைத்துக்கொண்டு, உங்களுக்குக் காட் தந்த வங்கிக்குச் சொல்லுங்கள்.

நிலையான வைப்பு வட்டியில் சீவிக்கிற வயதான ஆக்கள் இங்கே அதிகம், இந்த ஒரு பகுதியை அவர்களுக்கு யாராவது வாசித்துக் காட்டவேண்டும். 2025 ஏப்ரல் முதலாம் திகதியிலிருந்து வட்டியில் 10 வீதம் வரியாகப் பிடிக்கிறார்கள், முன்னர் 5. 30 இலட்சம் வைப்பு, 8 வீத வட்டி என்றால் வருடத்துக்கு 2,40,000. அதில் 24,000 போகும். ஆனால் எல்லா வருமானமும் சேர்த்து வருடத்துக்கு 18 இலட்சத்துக்குள் இருக்கிறவர்கள் இந்த வரிக்கு உரியவர்களே இல்லை. வங்கியில் ஒரு சுயபிரகடனப் படிவம் கொடுத்தால் பிடிக்கமாட்டார்கள். வரி இலக்கம் வேண்டும், அது இலவசம். படிவம் அந்த வரி வருடத்துக்கு மட்டுந்தான், ஒவ்வொரு ஏப்ரலும் புதிதாகக் கொடுக்கவேண்டும், வைத்திருக்கிற ஒவ்வொரு வங்கிக்கும் தனித்தனியாக. ஒருவரும் வீடு தேடி வந்து நினைவூட்ட மாட்டார்கள். பிடித்த காசைத் திருப்பி எடுக்க வழி இருக்கிறது, ஆனால் அது வரி விபரத்திரட்டு நிரப்பி நடையாய் நடக்கிற வேலை. சித்திரை வருசத்துக்கு உடுப்பு எடுக்கப் போகும்போதே வங்கிக்கும் ஒரு எட்டுப் போய்விடுங்கள்.

போனில் காசு முடிந்த நேரம் எடுக்கிற லோன் 20 ரூபாவுக்கு 2 ரூபா கட்டணம் என்றாலே, நாளைக்கு ரீலோட் போடுகிற ஆளுக்கு அது ஒரு நாளைக்கு 10 வீத வட்டி. நாள் கணக்கில் வட்டி ஏற்றுகிற மீற்றர் வட்டிக்காரர்கூட அப்படிக் கேட்பதில்லை.

வெளியிலிருந்து வருகிற காசில் "அனுப்பும் கட்டணம் இல்லை" என்ற பலகைதான் கவனிக்கவேண்டியது. கட்டணத்தை விட்டுவிட்டு நாணய மாற்றில் எடுப்பார்கள். இலண்டனிலிருந்து 500 பவுண்ஸ் (தங்கப் பவுண் இல்லை) அனுப்புகிறார் மகன் என்று வைப்போம். ஓரிடத்தில் கட்டணம் 2 பவுண்ஸ், மாற்று 400 ரூபா: கைக்கு 1,99,200. மற்ற இடத்தில் கட்டணம் இல்லை, மாற்று 394: கைக்கு 1,97,000. மகனிடம் எவ்வளவு கட்டணம் என்று கேட்கவேண்டாம். அனுப்ப முதல், ஒரே நேரத்தில் இரண்டு மூன்று இடத்தில், "அம்மாவின்ர கைக்கு எத்தனை ரூபா வரும்?" என்று அவரைக் கேட்கச் சொல்லுங்கள்.